வைக்காத குடம்

பரமத்தி வேலூருக்கு மேற்கே, காவிரியை ஒட்டின வெற்றிலைக் கொடிக்கால் ஊர்களில் மாரக்காளைத் தெரியாத ஆள் கிடையாது. எந்த வீட்டில் அம்மை கண்டாலும் வைத்தியனுக்கு முன்னால் அவளுக்குத்தான் ஆள் போகும். பத்து வயசில் அவளுக்கே அம்மை போட்டு, முகமெல்லாம் குழி விழுந்து, பிழைத்து எழுந்தவள். ஒரு தடவை வந்த ஆளிடம் மாரியாத்தா மறுபடி வரமாட்டாள் என்பது ஊரறிந்த சங்கதி. அதனால் பெற்ற தாய்கூட எட்டி நிற்கிற படுக்கைக்குப் பக்கத்தில் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

அவள் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. நாளைக்கு நடக்கப் போவதை இன்றைக்கே சொல்லிவிடுவாள். “நாளைக்கு முத்து எறங்குமுங்க. நாலு நாள் கழிச்சுக் கண்ணு வீங்கி மூடிக்கும். மூடுனா பயந்துக்காதீங்க, தெறந்துக்கும். அப்புறம் அரிப்பெடுக்கும், கையத் துணியில சுத்தி வெக்கோணும்.” சொன்னது சொன்னபடி நடக்கும்போது வீட்டாருக்குப் பாதிப் பயம் போய்விடும். அத்தனையும் அடங்கின குரலில் சொல்வாள். அம்மை இறங்கின வீட்டில் சத்தம் கூடாது, சண்டை கூடாது, அழுகை கூடாது, தாளிப்பு வாசனைகூட ஆகாது. வீட்டுக்காரி வாய் குளிர்ந்திருந்தால் ஆத்தாளும் குளிர்ந்திருப்பாள். வீட்டுக்காரி வாய் சூடானால் ஆத்தாளும் சூடாகிப் பிள்ளையைக் கையோடு கொண்டு போய்விடுவாள். இது அந்தச் சீமையில் கோவணம் கட்டாத பயலுக்கும் தெரிந்த சட்டம். “மாரக்கா வந்து உக்காந்தாப் போதும், ஊடு குளுந்து போயிருமப்பா” என்று ஊரே சொல்லும்.

இதைக் கேட்டுவிட்டு அவளைப் புண்ணியவதி என்று கையெடுத்துக் கும்பிடக் கிளம்பிவிடாதீர்கள். பதினாலு வருஷமாக ஒரே ஒரு வீட்டில் அம்மை இறங்க வேண்டும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். அது அவள் வாழ்க்கைப்பட்டுப் போன வீடு.

அந்தக் கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மாரக்காளின் புருஷன் கல்யாணமான ஆறாம் வருஷம் காவிரிச் சுழலில் போய்விட்டான். ஐந்து வயசு மகள் பொன்னாயியை வைத்துக்கொண்டு அவள் புருஷனின் அண்ணன் செங்கோடன் வீட்டிலேயே இருந்தாள். செங்கோடனுக்குப் பெரியநாயகி என்று பெண்டாட்டி. நாலைந்து குறைப் பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குத் தங்கின ஒரே பிள்ளை சின்னுசாமி, அப்போது ஒரு வயசுக் குழந்தை. அந்தச் சித்திரையில் பொன்னாயிக்கு அம்மை போட்டது.

கைக்குழந்தை இருக்கிற வீடாயிற்றே என்று, தாயையும் மகளையும் இரண்டு மைல் தள்ளி மேட்டுக்காட்டில் இருந்த சாளைக்கு அனுப்பினார்கள். சாளை என்றால் பெரிய மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம், சோளத்தட்டு வேய்ந்த காட்டுக் கொட்டகை. வழியில் இலந்தை முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். அங்கே கிணறு கிடையாது. வாய்க்காலைக் கோடைக்கு அடைத்திருந்தார்கள். பண்ணையத்து ஆட்கள் ஒருத்தரும் அந்தப் பக்கம் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், தினம் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் முள்ளுக்கு இந்தப் பக்கம் வைப்பது பெரியநாயகியின் வேலையாயிற்று.

நாலு நாள் குடம் வந்தது. ஐந்தாம் நாள் வரவில்லை. ஏதோ தாமதம் என்று மாரக்காள் நினைத்துக்கொண்டாள். ஆறாம் நாளும் வரவில்லை. மிச்சமிருந்த தண்ணீரை மகளுக்கு மட்டும் துணியில் நனைத்து நனைத்துக் கொடுத்தாள். முள்ளைத் தாண்டிப் போனால் ஊருக்கே நோயைக் கொண்டு வந்தவள் ஆகிவிடுவோமே என்று ஏழாம் நாள் உச்சிவரைக்கும் பொறுத்தாள். “அம்மா, தண்ணி” என்று கேட்ட பிள்ளை, அப்புறம் வாயை மட்டும் அசைத்தது. மாரக்காள் முள்ளைக் கையால் பிய்த்துக்கொண்டு ஓடினாள்.

வீட்டுக் கதவு உள்ளே தாழ்போட்டிருந்தது. தட்டினாள். உள்ளே வளையல் சத்தம் கேட்டது, காதாரக் கேட்டாள். “அக்கா, ஒரு சொம்புத் தண்ணி குடுங்கக்கா. பொன்னாயிக்குத் தொண்டை ஒட்டிக்கிச்சு” என்று கெஞ்சினாள். கதவு திறக்கவில்லை. அப்புறம்தான் கத்தினாள். “அடியே பெரியநாயகி, தண்ணி குடுடி! உன்ற புள்ள மட்டும் புள்ளையா? உன்ற வகுறு பத்தி எரியோணும்டி!” மண்ணை வாரிக் கதவில் தூற்றினாள். தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். எவரும் கிட்ட வரவில்லை. கடைசியில் மாட்டுத் தொட்டியில் சேலையை முக்கி எடுத்துக்கொண்டு ஓடினாள். இரண்டு மைல் ஓடிப்போய்ச் சேலையைப் பிழிந்தபோது பொன்னாயியின் வாய் திறக்கவில்லை.

சாவுகூடப் பரவாயில்லை என்று ஆக்கிவிட்டது அதற்குப் பிறகு நடந்தது. “தெனமும் குடம் வெச்சேனே! இவதான் என்ற மேல இருக்கிற ஆங்காரத்துல குடத்த ஒதச்சுத் தள்ளிப்போட்டு வந்து வாசல்ல நின்னு கத்துனா” என்று பெரியநாயகி தெருவுக்கு முன்னால் மாரியாத்தா மேல் ஆணையாகச் சொன்னாள். ஊர் நம்பியது. நம்பாமல் என்ன? கத்தினதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். குடம் வைக்காததை யார் பார்த்தார்கள்? எதிர்வீட்டு முத்தாயம்மாள்தான் தீர்ப்புச் சொன்னவள். “ஆத்தா எறங்குன நேரத்துல பெத்தவ தெருவுல நின்னு மண்ண வாரித் தூத்துனா புள்ள தங்குமா? கத்தியே புள்ளையத் தின்னுபோட்டா” என்றாள். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? அன்றையிலிருந்து மாரக்காளுக்கு அதுதான் பெயர். கத்திப் புள்ளையத் தின்னவ.

அவள் அந்த வீட்டை விட்டு வெளியேறி வாய்க்கால் மேட்டில் ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். அடுத்தவர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி, நூறு நூறு இலையாகக் கவுளி அடுக்கிக் கஞ்சி குடித்தாள். நல்லது கெட்டதுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை, அம்மை கண்ட வீட்டுக்கு மட்டும் வேறு ஆள் கிடைக்காமல் தேடி வந்தார்கள். அன்றைக்கு மூடின வாய்தான், அப்புறம் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. ஊர் அதைப் பார்த்து, மகளைக் கொன்ற பாவத்துக்குப் பிராயச்சித்தம் செய்கிறாள் என்று பேசிக்கொண்டது. பிராயச்சித்தமாம்! யார் செய்ய வேண்டியது, யார் செய்கிறார்களாம்! மாரக்காள் இத்தனை வருஷமும் ஒன்றே ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். குடம் வைக்கவில்லை என்ற சொல் பெரியநாயகியின் வாயிலிருந்து, அதே தெருவுக்கு முன்னால் வரவேண்டும். வராவிட்டால், தான் வாங்கின பெயரை அவளும் வாங்க வேண்டும்.

இப்படியே பதினாலு வருஷம் போயிற்று. வெள்ளைக்காரன் சீமையில் இரண்டாவது உலகச் சண்டை தொடங்கின மறுவருஷம், மாசி கடைசியிலேயே வெயில் கொளுத்த ஆரம்பித்தது. அந்த வருஷம் வந்த அம்மையைப்போல அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஒரே வாரத்தில் ஏழு வீடு. கரூர் வியாபாரிகள் ஊருக்குள் வர மறுத்தார்கள். கட்டின வெற்றிலை வாசலிலேயே அழுகியது. “வடக்கேருந்து புதுசா ஒரு ஆத்தா வந்திருக்கா, வேப்பிலைக்கு அடங்க மாட்டாளாம்” என்று யாரோ கிளப்பிவிட, பாதி ஊர் மூட்டை முடிச்சோடு காட்டுக்குப் போயிற்று. நாமக்கல்லிலிருந்து அம்மை குத்துகிறவர் வந்தபோது, பயந்து நின்ற ஏழெட்டுப் பிள்ளைகளை மாரக்காள் தானே கையைப் பிடித்து அழைத்துப்போய்க் குத்திக்கொள்ள வைத்தாள். “எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் சாமி, அவ்வளவுதான்” என்று சொல்லிச் சொல்லி நிறுத்தினாள். பெரியநாயகி மட்டும், ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்று தன் மகனைக் கொடிக்காலுக்குள் ஒளித்து வைத்துவிட்டாள். சின்னுசாமிக்கு அப்போது பதினைந்து வயசு, மீசை அரும்புகிற பருவம்.

பங்குனி முதல் வாரம் பெரியநாயகி வாய்க்கால் மேட்டுக்கு வந்தாள். குடிசைக்குப் பத்தடி தூரத்திலேயே நின்றுகொண்டாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? முகம் வெளுத்துக் கிடந்தது.

“மாரக்கா.”

“ஏனுங்க?” என்றாள் மாரக்காள். அக்கா என்று கூப்பிடுவதை அவள் பதினாலு வருஷத்துக்கு முன்பே விட்டுவிட்டாள். வழிப்போக்கருக்குச் சொல்கிற ‘ஏனுங்க’தான் பெரியநாயகிக்கும்.

“சின்னுசாமிக்கு ஆத்தா வந்திருக்கா. நேத்து முத்து எறங்கிருச்சு. வேற ஆரும் கிட்ட வர மாட்டீங்கறாங்க. பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காத அம்மிணி. நீ வந்து உக்காரோணும்.”

மாரக்காளின் நெஞ்சு திக்கென்று ஒரு தரம் துள்ளிற்று. சந்தோஷம்தான், வேறென்ன? ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வராமலா போய்விடும்? அவள் முகத்தில் ஒன்றும் காட்டாமல், “வாரேனுங்க. நாஞ் சொல்றபடி கேக்கோணும். நீங்க படுக்கை இருக்கிற அறைக்குள்ள வரப்படாது, நெலைப்படியோட நின்னுக்கோணும். சத்தம் மட்டும் ஆகவே ஆகாதுங்க. உங்களுக்கே தெரியுமே” என்றாள்.

தெரியாமலா? பெரியநாயகி தலையைக் குனிந்துகொண்டு முன்னால் நடந்தாள்.

பதினாலு வருஷம் கழித்து மாரக்காள் அந்த வாசலுக்குள் நுழைந்தாள். பையனை வாழைக்குருத்தில் கிடத்தியிருந்தார்கள். கடுகு போட இடமில்லாமல் முத்து. அவளைக் கண்டதும் செங்கோடன் களத்துப் பக்கம் போய்விட்டான். மாரக்காள் வேப்பிலைக் கொத்தை எடுத்துக்கொண்டு பையனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவள் மனசுக்குள் ஒரு திட்டம் இருந்தது, சின்னத் திட்டம். பெரியநாயகி ஒரே ஒரு தரம் தெரு கேட்கக் கத்த வேண்டும். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும்.

மற்ற வீடுகளில் நடக்கப் போவதைச் சொல்லிப் பயத்தை ஆற்றியவள், இந்த வீட்டிலும் நடக்கப் போவதைச் சொன்னாள். குரல் அதே குரல், பக்குவம் அதே பக்குவம். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் கூடச் சேர்த்துக்கொண்டாள்.

“நாளைக்குக் கண்ணு மூடிக்குமுங்க. பொன்னாயிக்கும் அப்படித்தான் மூடுச்சு.”

மறுநாள் மூடியது.

“நாளைக்குத் தொண்டைக்குள்ள முத்து போயிரும். முழுங்க முடியாது. பொன்னாயிக்கும் முடியல பாருங்க.”

பெரியநாயகி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அழக்கூடாது, கத்தக்கூடாது, போடி என்று சொல்லக்கூடாது. ஆத்தா இருக்கிற வீடு. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொள்வாள். மாரக்காள் அதைக் கண்ணாரப் பார்ப்பாள். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஐந்து நாளும் அவளுக்குச் சோறு ருசித்தது.

எட்டாம் நாள் உச்சிப்பொழுதில் பையனுக்குக் காய்ச்சல் ஏறியது. கண் திறக்காமலே, “தண்ணி” என்றான். மாரக்காள் இளநீரைச் சொம்பில் ஊற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். கொடுக்கவில்லை.

“சின்னம்மா, தண்ணி” என்றான் மறுபடியும்.

பெரியநாயகி நிலைப்படியில் நின்று பார்த்தாள். “குடு அம்மிணி” என்றாள், மெதுவாக.

“அவசரப்படாதீங்க. பதட்டப்படப்படாது. ஆத்தா பாத்துட்டு இருக்கா” என்றாள் மாரக்காள். சொம்பு அவள் மடியிலேயே இருந்தது. பையன் உதட்டை நக்கினான். நாக்கு தடித்து வெள்ளையாகக் கிடந்தது. மூன்றாம் முறை அவன் கேட்டபோது குரல் வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது. அந்த அசைவை மாரக்காள் ஏற்கெனவே ஒரு தரம் பார்த்திருக்கிறாள். இருந்தும் சொம்பை எடுக்கவில்லை. பெரியநாயகியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடிப்பாவி! தண்ணி குடுடி! என்ற புள்ளைக்குத் தண்ணி குடுடி!”

தெரு அதிர்ந்தது. மாரக்காள் உடனே பையனின் தலையைத் தூக்கி, இளநீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். அது இறங்கிற்று. வெளியே எதிர்வீட்டு முத்தாயம்மாள் மார்பில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. “அய்யோ அய்யோ, ஆத்தா இருக்கிற ஊட்டுல கத்திப்போட்டாளே! மண்டையில அடிச்ச மாதிரிக் கத்திப்போட்டாளே!”

பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பையனுக்கு அனல் கூடிற்று. நினைவு தப்பினாற்போல் கிடந்தான். செங்கோடன் களத்திலிருந்து ஓடிவந்தான். கை ஓங்கினவன், அம்மை வீடு என்று அடக்கிக்கொண்டு பல்லைக் கடித்தான். “பதினஞ்சு வருசம் காப்பாத்தி வெச்ச புள்ளைய ஒரு கத்துல முழுங்கிட்டயேடி” என்றான். பெரியநாயகி சுவர் ஓரமாகச் சுருண்டு உட்கார்ந்தாள். “நாங் கத்துல... நாங் கத்தோணும்னு கத்துல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். மாரக்காளுக்குக் கருப்பட்டிப் பாகு குடித்த மாதிரி இருந்தது. தனக்குச் சொன்ன அதே வார்த்தை, அதே தெரு, சொன்னவர்களும் அதே ஆட்கள். இந்தப் பையனும் போய்விட்டால் முடிந்தது, மிச்ச ஆயுசுக்கும் பெரியநாயகிக்கு அந்தப் பெயர்தான். போகட்டுமே என்று நினைத்தாள். ஆமாம், அப்படித்தான் நினைத்தாள். இதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

மறுநாள் விடிந்ததும் வேப்பிலை ஒடிக்க வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிப் பக்கம் போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் முத்தாயம்மாள் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது மந்தம். அதனால் ரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

“நாஞ் சொன்னனா இல்லையா? அன்னிக்கு மாரக்கா கத்துனா, பொன்னாயி போச்சு. இன்னிக்கு இவ கத்துனா, இவ பையன் போறான். கத்துனா புள்ள தங்காது. ஆத்தா ரெண்டு தரம் காட்டிப்போட்டா, இனி ஆரும் மாத்திப் பேச முடியாது.”

மாரக்காள் கையில் ஒடித்த கொத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். அடிப்பாவி மகளே, எப்பேர்ப்பட்ட புத்தி கெட்ட வேலை செய்துவிட்டோம் என்று தன்னையே வைதுகொண்டாள். இந்தப் பையன் செத்தால் பெரியநாயகிக்கு மட்டுமா கெட்ட பெயர்? கத்தினால் பிள்ளை சாகும் என்பது சத்தியமாகிவிடும். பொன்னாயியைத் தின்றவள் மாரக்காள்தான் என்பதும் அதோடு சேர்ந்து சத்தியமாகிவிடும். குடத்தைப் பற்றி இனி யார் கேட்கப் போகிறார்கள்? கேட்க ஒரு நாதி இருக்குமா?

பையன் பிழைத்தால்? தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி தாய் கத்தின பிறகும் பையன் எழுந்து உட்கார்ந்தால்? அப்போது ஊர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அவள் உள்ளே ஓடினாள். ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும். பதினாலு வருஷத்தில் அவள் நடையில் அந்த வேகத்தை யாரும் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் ஆறு நாள் அந்தப் பையனை எமனிடமிருந்து அவள் பிடுங்கின பிடுங்கலைச் சொல்லி மாளாது. முழுங்க முடியாத தொண்டைக்கு, கோழி இறகை மோரில் நனைத்து உதட்டிலும் நாக்கிலும் தடவிக்கொண்டே இருந்தாள். இளநீர், நீராகாரம், மறுபடியும் மோர். நாழிகைக்கு ஒரு தரம். நீர் கோத்த முத்து உடைந்து ஒட்டின வாழைக்குருத்தை, தோல் உரியாமல் தண்ணீர் விட்டு விட்டு எடுத்து மாற்றினாள். ஈ மொய்க்க விடவில்லை. உட்கார்ந்த வாக்கில் கண் அயர்ந்தால் தலையில் நறுக்கென்று தானே குட்டிக்கொண்டாள். “இளநி கொண்டாங்க”, “வெந்நி வெச்சு ஆத்துங்க”, “துணி கொண்டாங்க” என்று பெரியநாயகியை விரட்டினாள். பெரியநாயகி கால் தரையில் படாமல் ஓடினாள். அந்த ஆறு நாளும் மாரக்காள் பொன்னாயி பெயரை எடுக்கவில்லை. “நாளைக்குக் காய்ச்சல் விடுமுங்க. நாளன்னைக்கு முத்து வாட ஆரம்பிக்கும். பயந்துக்காதீங்க” என்று மட்டும் சொன்னாள். பயப்படாதே என்பதை அவள் அத்தனை ஆத்திரத்தோடு யாரிடமும் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் நாள் பையனுக்கு நினைவு திரும்பியது. கண் இன்னும் திறக்கவில்லை.

“சின்னம்மா, நாஞ் செத்துருவனா?”

“சாக மாட்டே.”

“எப்படித் தெரியும் உனக்கு?”

“நீ செத்தா நாந் தோத்துப் போவேன் சாமி. நாந் தோக்கறதா இல்ல. வாயத் தெற.”

அந்தப் பேச்சு அவனுக்கு விளங்கியதோ இல்லையோ, வாயைத் திறந்தான். நாலு வாய் மோர் உள்ளே போயிற்று. மறுநாள் சொன்னபடி காய்ச்சல் விட்டது. அதற்கடுத்த வாரம் முத்து வாடி, பொருக்குக் கட்டி, ஒரு கண் திறந்து, மற்றக் கண்ணும் திறந்தது.

தலைக்கு முதல் தண்ணீர் ஊற்றுகிற நாளைக் குறித்தார்கள். அம்மை கண்டவருக்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை வாசலில் உட்கார்த்தி ஊற்ற வேண்டும். கூட இருந்து பார்த்தவள்தான் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் விழுந்தால்தான் ஆத்தா உடம்பை விட்டுப் போனதாகக் கணக்கு. அதைப் பார்க்கத் தெரு கூடிவிடும். அன்றைக்குக் காட்டுக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து நின்றார்கள். கத்தின வீட்டுப் பையன் பிழைத்துவிட்டானாமே என்கிற அதிசயத்தைப் பார்க்க வந்த கூட்டம்.

சின்னுசாமியைப் பலகையில் உட்கார வைத்தார்கள். முகமெல்லாம் குழி, உடம்பு எலும்பாக இருந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மாரக்காள் அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து சொம்பைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். எடுத்தவள் ஊற்றவில்லை.

“ஏனுங்க, கொஞ்சம் முன்னால வாங்க” என்று பெரியநாயகியைக் கூப்பிட்டாள். அடங்கின குரல்தான். அதைக் கேட்பதற்காகவே கூட்டம் வாயை மூடிக்கொண்டது.

பெரியநாயகி வந்து நின்றாள்.

“எட்டாம் நாள் நீங்க கத்துனீங்க. இந்தத் தெருவே கேட்டுச்சு. உங்க பையன் செத்தானுங்களா?”

“இல்ல.”

“அப்பக் கத்துனா புள்ள சாகாதுங்க. அப்படித்தானுங்களே?”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கிற்று. பெரியநாயகிக்கு அடுத்த கேள்வி தெரிந்துவிட்டது.

“அப்ப என்ற பொன்னாயி எதுனால செத்தா?”

செங்கோடன் முன்னால் வந்தான். “இது என்ன மாரக்கா, நல்ல காரியம் நடக்கிற நேரத்துல? ஊத்து மொதல்ல, அப்புறம் பேசிக்கலாம்.”

“அப்புறம்னா எப்பங்க? இன்னும் பதினாலு வருசம் கழிச்சுங்களா?” என்றாள் அவள். “நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நாங் கேட்டது அவங்கள.” சொம்பு பையனின் தலைக்கு மேலேயே நின்றது. “நாலு நாள் குடம் வந்துச்சு. அஞ்சாம் நாள் வெச்சீங்களா?”

பெரியநாயகி மாரியாத்தா மேல் ஆணையாகச் சொன்ன வாய் அது. இப்போதும் வைத்தேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆத்தா இன்னும் போகவில்லை. பெரியநாயகியின் மகன் உடம்பின் மேல்தான் இருக்கிறாள். ஆத்தா மேல் இன்னொரு பொய் ஆணையா? பெரியநாயகி உதட்டை அசைத்தாள்.

வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சின்னுசாமி தாயை நிமிர்ந்து பார்த்தான். “அம்மா, குடம் வெச்சியா?” என்றான்.

“வெக்கல” என்றாள் பெரியநாயகி.

“சத்தமாச் சொல்லுங்க. முத்தாயக்காளுக்குக் காது மந்தம்” என்றாள் மாரக்காள்.

“வெக்கல! மூணு நாளும் நான் குடம் வெக்கல!” பெரியநாயகி இப்போது கத்தித்தான் சொன்னாள். “முள்ளுக்குக் கிட்டப் போனாலே தொத்திக்கும்னு சொன்னாங்க. நாலு போயி ஒண்ணு தங்கியிருந்தான். அவனுக்கு வந்துருமோன்னு பயந்துட்டேன். கதவுக்குப் பின்னாலதான் நின்னுட்டிருந்தேன். அவ தண்ணி கேட்டது எனக்குக் கேட்டுச்சு. நாந் தெறக்கல. குடத்த அவ ஒதைக்கவும் இல்ல, தள்ளவும் இல்ல. பொன்னாயி தண்ணியில்லாமத்தான் செத்தா!”

முத்தாயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். செங்கோடன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். அவனுக்கும் இது அன்றைக்குத்தான் தெரியும்போல இருந்தது.

மாரக்காள் சொம்பைச் சாய்த்தாள். மஞ்சள் தண்ணீர் பையன் தலையில் விழுந்து, தழும்பு முகத்தில் வழிந்து, பலகைக்கு அடியில் ஓடிற்று. ஒரு சொம்பு, இரண்டு சொம்பு, மூன்று சொம்பு. முறைப்படி ஒன்றும் குறைக்காமல் ஊற்றினாள். வேப்பிலையால் அவன் தலையைத் தடவி, “எந்திரி சாமி, உனக்கு ஒண்ணுமில்ல. நல்லாருப்பே” என்றாள். அதை மனசாரத்தான் சொன்னாள்.

பெரியநாயகி அந்த ஈர மண்ணிலேயே விழுந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். “என்னைய மன்னிச்சுப்போடு மாரக்கா. நீ என்ற புள்ளையக் குடுத்த தெய்வம். மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு.”

கூட்டத்தில் இரண்டு மூன்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். சொல்லிவிடு என்பது போல எல்லா முகமும் மாரக்காளையே பார்த்தது. அவர்களுக்கென்ன, அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம்.

மாரக்காள் காலை விடுவித்துக்கொண்டாள். குனிந்து, அம்மை வீடுகளில் பயந்து நடுங்குகிற தாய்மாரிடம் எப்படிப் பேசுவாளோ, அதே பக்குவமான குரலில், நடக்கப் போவதைச் சொன்னாள்.

“எந்திரிங்க. நாளையிலருந்து தண்ணிக்குப் போனா உங்க கிட்ட ஆரும் பேச மாட்டாங்க. சந்தைக்குப் போனா முதுகுக்குப் பின்னால பேசுவாங்க. நல்லது கெட்டதுக்குக் கூப்பிட மாட்டாங்க. பொட்டப்புள்ளைங்க உங்களக் கண்டா ஒதுங்கிப் போகும். பயந்துக்காதீங்க, அதுல ஆரும் செத்துப் போறதில்ல. பதினாலு வருசம் அப்படி இருந்துட்டு வாங்க. அப்புறம் மன்னிக்கறதப் பத்திப் பேசலாமுங்க.”

சொம்பை அண்டா மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கூட்டம் விலகி வழிவிட, நடுத்தெருவில் நடந்து போனாள்.